பதினேழாம் நிரை

அவர் ஆட்களை எண்ணும்போது வாய் திறக்க மாட்டார். காலைப் பெரட்டில் வேலைக்கு முன்னால் வரிசையாக நிற்கும் ஒவ்வொருவரின் இடது தோளையும் இரண்டு விரலால் தொட்டுக்கொண்டே போவார். வேலை முடிந்து லோரி ஏறும்போது மறுபடியும் அதே தொடல். காலையில் தொட்ட தோள்கள் எல்லாம் மாலையிலும் விரலுக்கு அகப்பட்டால்தான் லோரி நகரும். ஒருநாள் ஒருவன் சொல்லாமல் மோட்டர் சைக்கிளில் வீட்டுக்குப் போய்விட்டான். ஒரு மணி நேரம் காட்டுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி நடந்தார். அவன் லயத்து வீட்டில் குளித்துக்கொண்டிருந்தான். நாங்கள் எல்லாரும் அவனைத் திட்டினோம். அவர் திட்டவில்லை. ஈரத்தோளைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

அவர் மண்டோர். செம்பனைக் குலை வெட்டும் ஆட்களுக்கு மரவரிசைகளை நிரை நிரையாகப் பிரித்துக் கொடுத்து, நாள் முழுக்க அவர்களுக்குப் பின்னால் நடப்பவர். ஒல்லி. காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார். பையில் ஒரு விசில் இருக்கும். ஊதி நான் கேட்டதில்லை.

நான் அந்தத் தோட்டத்தில் மூன்று வருடம் சின்னக் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக இருந்தேன். பத்திரிகை வேலைக்குப் போனது அதற்குப் பிறகுதான். சிரம்பானை ஒட்டிய செனாவாங் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் தெரியும் தூரத்தில் இருந்தது தோட்டம். பாதிப் பிள்ளைகள் ஏற்கெனவே அங்கே ஷிப்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் தங்கியவர்கள் கொஞ்சம் தமிழர்கள், நிறைய வங்காளதேசத்தவர்கள், சில இந்தோனேசியர்கள்.

மண்டோரிடம் இன்னொரு விநோதம் உண்டு. பெரட்டுக்குத் தாமதமாக வருபவனை மற்ற மண்டோர்கள் ஏசுவார்கள், மோசமான நிரையில் போடுவார்கள். இவர் ஏசாமல் நிற்பார். அவன் வந்து மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்து, ரோட்டை ஒட்டிய நல்ல நிரையைக் கொடுப்பார்.

"நாளைக்கி நானும் லேட்டாதான் வரப்போறேன் லா," என்பான் சேகர். வெட்டுக்காரர்களில் இளையவன், புதிதாகக் கல்யாணமானவன். "நேரத்தோட வர்றவனுக்குப் பள்ளம், தூங்கிட்டு வர்றவனுக்கு ரோட்டோரம். நல்ல சட்டம் மண்டோரே!"

எல்லாரும் சிரிப்பார்கள். அவர் சிரித்ததில்லை.

பதினேழாம் நிரை பள்ளத்தில் இருந்தது. அதற்குக் குறுக்கே, மரத்தலைகளுக்குச் சற்று மேலே, மின்கம்பி போனது. கன்று நட்ட காலத்தில் கம்பி எங்கோ ஆகாயத்தில் இருந்திருக்கும். மரங்கள் வளர வளரக் கம்பி கீழே இறங்கி வந்ததுபோல் ஆகிவிட்டது. மூங்கில் கம்பில் அரிவாளைக் கட்டி வெட்டியவர்கள், மரம் உயர்ந்ததும் நீண்ட அலுமினியக் கம்புக்கு மாறினார்கள். நான் வேலைக்குச் சேர்வதற்கு ஒரு மாதம் முன்பு, கோபால் என்ற வெட்டுக்காரர் அந்த நிரையில் கம்பை நிமிர்த்தியபோது அதன் நுனி கம்பியில் பட்டது. அவரை உடனே தூக்கப்போன இன்னொருவரும் தூக்கி எறியப்பட்டார், ஆனால் பிழைத்தார். கோபால் பிழைக்கவில்லை.

நான் பார்த்த முதல் வேலை அதைப் பற்றியதுதான். மேனேஜர் மலாயிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கைப் பலகை தயார் செய்திருந்தார். தமிழ் வாசகத்தை நான் எழுதினேன். "அபாயம். மேலே மின்கம்பி. அலுமினியக் கம்பு கொண்டு செல்லாதீர்." மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து, நடுவில் மண்டையோடு. நிரையின் வாயில் நட்டார்கள். ஒரு வாரம் எல்லாரும் நின்று படித்தார்கள். இரண்டாம் மாதம் அந்தப் பலகையின் ஒரு மூலையில் யாரோ தண்ணீர்ப் போத்தலையும் சட்டையையும் மாட்டிவிட்டு, அலுமினியக் கம்போடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

மண்டோர் தடுத்தார். அவர்கள் சொன்ன பதிலை நானே கேட்டிருக்கிறேன்.

"நேத்தும் போனேன், ஒண்ணும் ஆகலியே மண்டோரே."

"கோபாலும் முந்தின நாள் போனவன்தான்டா."

"அது அவன் நேரம்."

அன்று மதியம் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து அவர் என்னிடம் சொன்னார்: "தினம் பாக்கிறதுக்கு மனுசன் பயப்பட மாட்டான் தம்பி. பாக்காததுக்குத்தான் பயப்படுவான்." அதைப் பொதுவான பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை பலகைக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டை நட்டிருந்தது. அதில் ஆறு முழச் சிவப்புத் துணி. அடியில் மஞ்சள் பூசிய கல், மூன்று எலுமிச்சம்பழம். பெரட்டில் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். கனவில் முனி வந்தது. அந்த நிரை அதன் பாதை. வெள்ளைக் கம்பு அதற்கு ஆகாது, மூங்கில்தான் கொண்டுபோக வேண்டும். மழை ஈரம் காயும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. போனால் இரண்டு பேராகப் போகவேண்டும். ஒருவன் விழுந்தால் மற்றவன் அவனைத் தொடாமல் வெளியே ஓடிவர வேண்டும். தான் வந்து முனியிடம் உத்தரவு கேட்ட பிறகுதான் யாரும் அவனை நெருங்கலாம்.

மின்சாரம் தெரிந்த எவரும் இந்த நான்கையும்தான் சொல்லியிருப்பார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் "நேத்துப் போனேனே" என்று சொல்லவில்லை. அன்றே அலுமினியக் கம்புகள் அந்த நிரையை விட்டு வெளியேறின. பழைய மூங்கில் கம்புகளைக் கொட்டகையிலிருந்து தூசி தட்டி எடுத்தார்கள். நான் தோட்டத்தில் இருந்தவரை அந்தக் கம்பி வேறு எவரையும் தொடவில்லை. மூன்று மொழிகளும் ஒரு மண்டையோடும் செய்யாததை ஆறு முழத் துணி செய்தது. என் முதல் எழுத்து தோற்ற இடம் அது என்பதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆனால் நான்கு விதிகள் நான்காகவே நிற்கவில்லை. ஒருவன் அங்கே சீட்டியடித்தான், இரண்டு நாள் கழித்துக் காய்ச்சலில் படுத்தான். சீட்டியடிக்கக் கூடாது என்று ஆனது. கறுப்புச் சட்டை போட்டுப் போனவனைக் கட்டெறும்பு கடித்தது. கறுப்புச் சட்டை போனது. சீட்டியடித்தும் காய்ச்சல் வராதவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்தோனேசியர்கள் அதைப் பெனுங்கு என்றார்கள், இடத்தைக் காக்கும் ஆவி. வங்காளதேசத்தவர்கள் டத்தோ என்று மரியாதையாகக் குறிப்பிட்டார்கள். ஒவ்வொரு புது விதியும் அவரிடம்தான் முதலில் வந்து சேரும். "அப்படியா மண்டோரே?" என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் "தெரியலப்பா" என்பார். பிறகு பேசாமல் இருப்பார். இரண்டாம் வருடம் தலையாட்டத் தொடங்கினார். மூன்றாம் வருடம் நிரையைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றினார். அவர் என்னைப் பார்க்காத இடத்திலிருந்து அதை நான் பார்த்தேன்.

கிண்டல் செய்த ஒரே ஆள் மேரி அக்கா. உதிரிப் பழம் பொறுக்க ரஹாங்கிலிருந்து கொன்ட்ரேக்டர் வேனில் வருபவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை.

"உங்க முனிக்கு இந்தத் தோட்டத்துல வேற எடமே கெடைக்கலியா? பள்ளத்துலயா வந்து உக்காரணும்? கொசு கடிக்காது?"

"அக்கா, வாய வச்சிக்கிட்டு சும்மா இரு," என்பான் சேகர்.

"நீ மொதல்ல அந்த மூங்கிலப் பாரு. என் வயசு இருக்கும் அதுக்கு."

மேரி அக்கா சொன்னது உண்மை. மூங்கில் கம்புகள் காய்ந்து வெடித்திருந்தன. அரிவாளைப் பிடித்திருந்த கம்பிக்கட்டுகள் துருவேறியிருந்தன. புது மூங்கில் கொண்டுவர யாருக்கும் நேரமில்லை. மற்ற நிரைகளில் எல்லாம் அலுமினியம் இருக்க, ஒரு நிரைக்காக யார் மெனக்கெடுவது?

அந்தக் காலை மழை இல்லை. முதல் நாளும் இல்லை. சேகரும் ரஹீமும் பதினேழுக்குள் போயிருந்தார்கள். ரஹீம் வங்காளதேசத்திலிருந்து வந்தவன், குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றுபவன். மேனேஜர் சொன்ன ஒரு தகவலை மண்டோரிடம் சேர்க்க நான் மோட்டரில் போயிருந்தேன். இருவரும் அந்த நிரையின் வாயிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே ஒரு அலறல். பிறகு ரஹீம் ஓடிவந்தான்.

"மண்டோர்! ஜாத்தோ! சேகர் ஜாத்தோ!" விழுந்துவிட்டான் என்பதற்கு மலாயில் அவன் அறிந்த சொல்.

விதிப்படி, தொடாமல் ஓடிவந்திருந்தான்.

நாங்கள் துணி கட்டிய கட்டையருகே போய் நின்றோம். பக்கத்து நிரைகளிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள். சேகர் நாற்பது தப்படித் தொலைவில், மட்டைக் குவியலில் சாய்ந்து கிடந்தான். மூங்கில் கம்பு இரண்டாகப் பிளந்து புல்லில் படுத்திருந்தது. மின்கம்பி அதற்கு மிக மேலே, அசையாமல் இருந்தது. அரிவாள் தனியாகக் கழன்று அவன் காலருகே கிடந்தது. வலது தொடையைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தான். விரல்களுக்கு இடையே இரத்தம் விட்டு விட்டுப் பீறியது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது பத்து.

"அண்ணே…" என்றான் சேகர். "மண்டோரண்ணே… ரெத்தம் நிக்கல…"

யாரும் நகரவில்லை.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். உத்தரவு கேட்க வேண்டியவர் அவர். கம்பியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். புல்லில் கிடந்த மூங்கிலைப் பார்த்தார். அவர் பார்த்த வரிசையிலிருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இது மின்சாரம் இல்லை. அரிவாள் கழன்று விழுந்து வெட்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

"கற்பூரம்," என்றார். "யார்கிட்டயாவது கற்பூரம் இருக்கா?"

ஒருவன் லயத்துக்கு மோட்டரை எடுத்துக்கொண்டு பறந்தான். போய்வரப் பத்து நிமிடம்.

என்னைப் பற்றியும் எழுத வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். கம்பி தெரியும், பலகை தெரியும், துணி எந்தத் திங்கட்கிழமை வந்தது என்பது தெரியும். போகலாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நின்றேன். செருப்புக்குள் என் விரல்கள் மண்ணைப் பிடிப்பதுபோல் மடங்கியிருந்தன. ஒன்பது பதினொன்று. ஒன்பது பன்னிரண்டு. சேகர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கை தொடையிலிருந்து நழுவியது.

மேரி அக்கா கடைசி நிரையிலிருந்து மூச்சு வாங்க வந்தார். கூட்டத்தை விலக்கிப் பார்த்தார்.

"எத்தன பேரு நிக்கிறீங்க! என்னாத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

பழச் சாக்கைக் கீழே போட்டார். ஒரு கையால் கழுத்துச் சிலுவையைப் பிடித்தார். மற்றக் கையால் கட்டையில் இருந்த சிவப்புத் துணியைச் சரசரவென்று உருவினார்.

"தொடாத!" என்று மண்டோர் கத்தினார். அவர் யாரையும் அதட்டி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

மேரி அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரப்பர் பூட்ஸோடு ஓடினார். மண்டியிட்டு, காயத்துக்கு மேலே துணியைச் சுற்றி, ஒரு மட்டைத் துண்டைச் செருகி முறுக்கினார். "டேய் ரஹீம்! வண்டியக் கொண்டா! சப்பாட், சீக்கிரம்!" என்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எங்கள் கால்கள் வந்தன. எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடினோம். ஒன்பது பதினாலு.

குலை ஏற்றும் தள்ளுவண்டியில் அவனை ரோடுவரை கொண்டுவந்து, மேனேஜரின் வண்டியில் சிரம்பானுக்கு அனுப்பினோம். மண்டோர் அந்த வெற்றுக் கட்டையருகிலேயே நின்றிருந்தார். வண்டி அவரைக் கடந்தபோது சேகரின் தோளைத் தொடக் கையை நீட்டினார். எட்டவில்லை.

சேகர் பிழைத்தான். அந்தக் காலின் பாதத்தில் இன்றும் உணர்ச்சி கிடையாது. நான்கு நிமிடத்தில் எத்தனை நிமிடம் அந்தப் பாதத்தை எடுத்தது என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்டிருக்கலாம், நான் கேட்கவில்லை.

அன்று மாலை நான் எதிர்பார்த்தது வேறு. முனி ஒன்றும் செய்யவில்லை என்பதை அத்தனை பேரும் பகலில் பார்த்திருக்கிறார்கள். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். லோரி ஏறும் முன்பே கதை தயாராகிவிட்டது. முனி தன் துணியையே கழற்றிக் கொடுத்துப் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறது. வேறு எந்தத் துணியாக இருந்தாலும் இரத்தம் நின்றிருக்காது.

"ஓடுனது நானு, பேரு முனிக்கா?" என்றார் மேரி அக்கா.

"ஒன்ன ஓட வச்சது யாரு அக்கா?" என்று கேட்டார்கள்.

மறுநாள் கட்டையில் புதுத்துணி இருந்தது. அடுத்த வாரம் மேரி அக்காவுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் வேலைக்கு வந்தவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, ரெண்டு எலுமிச்சம்பழம் வச்சிட்டேன். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. ஃபாதர் காதுல விழுந்தா அவ்ளோதான்."

"நீங்களுமா அக்கா?"

"உருவுனது நான்தான? ஒரு மரியாதைக்கு லா."

சில மாதங்களில் நான் பத்திரிகைக்குப் போனேன். தோட்டத்தின் பாதி வீடமைப்பாக மாறியது. மின்கம்பி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் அடியில் இப்போது தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். செனாவாங் ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகள் அந்த வளைவில் மோட்டரை மெதுவாக்கி நெஞ்சைத் தொட்டுக்கொள்கிறார்கள். ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை பார்க்கும் சேகரின் மோட்டர் கைப்பிடியில் சிவப்புத் துணிக்கிழிசல் கட்டியிருக்கிறது. "அன்னிக்கி அது இல்லேன்னா நான் இல்ல," என்கிறான். அது பொய்யல்ல. துணி இல்லாவிட்டால் அவன் இல்லைதான்.

அந்தக் கோயிலைப் பற்றி எழுத வேண்டும் என்று சென்ற ஆண்டு மண்டோரைத் தேடிப் போனேன். மம்பாவில் மகள் வீட்டில் இருந்தார். காக்கிச் சட்டைக்குப் பதில் வெள்ளைப் பனியன். வாசல் கேட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மைலோ கொடுத்தார். நோட்டைத் திறந்து நேராகவே கேட்டேன்.

"கனவு வந்துச்சா அண்ணே?"

"கனவெல்லாம் இல்ல தம்பி. சிரம்பான் பாசார்ல துணி வாங்கினேன். நானே கட்டினேன்."

"அப்புறம் சேகர் விழுந்தப்ப ஏன் நின்னீங்க? கரண்ட் இல்லேன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க மேல பாத்தத நான் பாத்தேன்."

கண்ணாடிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டே சொன்னார்.

"கோபால் அன்னிக்கி லேட்டா வந்தான். அஞ்சு நிமிசம். அவனுக்கு நான் குடுத்திருந்தது பன்னெண்டாம் நிரை. நேரத்துக்கு வர மாட்டியா, போ பதினேழுக்குன்னு மாத்தி விட்டேன். எல்லார் முன்னாலயும்."

நான் எழுதுவதை நிறுத்தினேன். மூன்று வருடம் அவரோடு பெரட்டில் நின்றிருக்கிறேன். யாரும் இதை என்னிடம் சொன்னதில்லை.

"அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல. முனின்னு சொன்ன அன்னிக்கித்தான் தூங்கினேன். பயலுங்களக் காப்பாத்தத்தான் சொன்னேன், பொய்யில்ல. ஆனா சொல்லச் சொல்ல எனக்கும் லேசாச்சு. அது பாதையில போனான், அது எடுத்துக்கிச்சு. அப்படின்னு அவன் பொண்டாட்டி மொகத்தப் பாக்க முடிஞ்சிது." கோப்பையைக் கீழே வைத்தார். "சேகர் கூப்பிடறான். உள்ள போனா அங்க ஒண்ணும் இல்லேன்னு ஆயிரும். எல்லாரும் பாத்துடுவாங்க, நானும் பாத்துடுவேன். அங்க ஒண்ணும் இல்லேன்னா, கோபால அங்க அனுப்புனது யாரு தம்பி?"

தெருவில் ஐஸ்கிரீம் மோட்டர் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது.

"இத எழுதப் போறியா?"

"உங்க பேரப் போட மாட்டேன்ணே."

"என் பேரு வேணாம். கோபால் பேரப் போடு." கேட்வரை கூட நடந்து வந்தார். இரண்டு விரலால் என் இடது தோளைத் தொட்டார். "மோட்டர் டயரு பஞ்சராப் போச்சு மண்டோரே, அதான் லேட்டுன்னு சொன்னான். நான் காதுல வாங்கல. அதையும் போடு."

போட்டுவிட்டேன்.